12 போர் துப்பாக்கியா, 20 போரா? கட்டுரையில் விடுபட்டவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய நம் மாவட்டத்துக்காரர் ஒருவர் அங்கே பறவை வேட்டைக்குப் போய்வந்ததைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்ததைப் படித்தேன். சோளக்காட்டு ஓரத்தில் ஃபெசன்ட் கோழியை நாய் கிளப்பிவிடுவதும், விடியும் முன்னே சதுப்பு நிலத்தில் வாத்துக்காக ஒளிந்து உட்கார்ந்திருப்பதும் சுவையாகத்தான் இருந்தது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று ஒரு பத்தி எழுதினாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆயுதப்படையில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைப் பிரிப்பது, துடைப்பது, பழுது பார்ப்பது, சுடத் தகுதியா இல்லையா என்று எழுதிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள் அல்லவா, சாக்கில் சுற்றியும் பழைய வேட்டியில் சுற்றியும் வரும் அந்த ரெட்டைக் குழல், ஒற்றைக் குழல்களை எல்லாம் கையில் எடுத்துப் பார்த்தவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சொல்வது இது: 12 கேஜ்தான் வலுவானது, 20 கேஜ் பெண்களுக்கும் பையன்களுக்கும், எனவே 12 ஒன்று வாங்கிவிட்டால் காட்டுக் கோழிக்கும் ஆச்சு, வாத்துக்கும் ஆச்சு. அவர் கேஜ் என்கிற குழல் அளவைத்தான் நாம் இங்கே போர் என்கிறோம். கட்டுரை வந்த அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்து நின்றான். துபாயிலிருந்து விடுப்பில் வந்தவன். "பெரியப்பா, தாத்தாவோட டபுள் பேரல் 12 போர்தானே? அதுல வாத்துக்கு எத்தனாம் நம்பர் தோட்டா போடணும்?" என்றான். அந்தத் துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லி அவன் தாத்தா காலத்தில் வாங்கிய லைசென்ஸ். பையன் நல்ல பையன்தான். பத்திரிகையில் போட்டிருக்கிறதே, அப்படியானால் செய்யலாம் போல என்று நினைத்திருக்கிறான். அவனுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த எண். ஒரு பவுண்டு சுத்த ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அது 12 போர். இருபது உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும், குழலும் ஒடுங்கும். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14. இந்தக் கணக்கில் சேராதது ஒன்று உண்டு: 410. அது அங்குலக் கணக்கில் வந்த எண், விட்டம் அங்குலத்தில் 0.410. இந்தியக் காவல்துறையில் ஒரு காலத்தில் இருந்த 410 மஸ்கட்டைப் பழைய ஆட்கள் நினைவு வைத்திருப்பார்கள். பறிமுதல் செய்திகளில் உங்கள் நிருபர்கள் '12 எம்.எம். துப்பாக்கி' என்று எழுதுகிறார்களே, அப்படி எழுதினால் அது வேறு ஆயுதம் என்றாகிவிடும். இதைப் போகிறபோக்கில்தான் சொல்கிறேன்.

அடுத்து வலு. இதில்தான் கட்டுரையாளர் சறுக்கியிருக்கிறார். தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு இல்லை, ரவை எனப்படும் பல சின்னச் சின்னக் குண்டுகள். ரவையின் பருமனுக்கு நம்பர் உண்டு; நம்பர் குறையக் குறைய ரவை பெரிது. 12 போரிலிருந்து கிளம்பும் 6-ம் நம்பர் ரவையும் 20 போரிலிருந்து கிளம்பும் 6-ம் நம்பர் ரவையும் ஒரே எடை, ஏறக்குறைய ஒரே வேகம். பறவை மேல் படுகிற அந்த ஒரு ரவைக்குத் தான் எந்தக் குழலிலிருந்து வந்தோம் என்று தெரியாது. வித்தியாசம் எண்ணிக்கையில். 12 போரின் சாதாரணத் தோட்டாவில் 32 கிராம் ரவை, 20 போரில் 25 கிராம், 28 போரில் 21 கிராம். அமெரிக்க 6-ம் நம்பர் ஈய ரவை அவுன்ஸுக்குச் சுமார் 225 என்று வைத்துக்கொண்டால் 12 போரில் ஏறக்குறைய 250, 20 போரில் 200, 28 போரில் 170. அதிக ரவை போனால் கூட்டம் அடர்த்தியாக இருக்கும், கொஞ்சம் கூடுதல் தூரத்திலும் இடைவெளி விழாது. அவ்வளவுதான் 12 போரின் 'வலு'.

இந்த 6-ம் நம்பரிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இங்கிலாந்து முறையில் 6 என்றால் அவுன்ஸுக்கு 270 ரவை, அமெரிக்க முறையில் 225. நம் ஊர்த் தோட்டாப் பெட்டிகளில் ரவையின் பருமனை எல்.ஜி., எஸ்.ஜி. என்று குறித்திருப்பதெல்லாம் ஆங்கிலேயர் வழக்கு. அமெரிக்கக் கட்டுரையைப் பார்த்து நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே பொருத்த முடியாது.

ரவையைக் கூட்டினால் துப்பாக்கியின் எடையையும் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளும். பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கிரீனர் இதற்கு ஒரு கணக்கு சொல்லிவைத்தார்: துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 32 கிராம் ரவைக்கு மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 25 கிராமுக்கு 2.4 கிலோ. இதைத்தான் ஃபெசன்டுக்கும் கவுதாரி இனத்துக்கும் நாய் பின்னாலேயே நாள் முழுக்க நடக்கிறவர்கள் பார்க்க வேண்டும். பறவை காலடியில் படபடவென்று கிளம்பும், இருபது இருபத்தைந்து மீட்டருக்குள் சுட்டாக வேண்டும், துப்பாக்கி சட்டென்று தோளுக்கு ஏற வேண்டும். அந்தத் தூரத்துக்கு 200 ரவை தாராளம். ஆகவே நடந்து சுடுகிற பறவைக்கு 20 போர், இல்லாவிட்டால் 16 போர். 28 போர் கை தேர்ந்தவனுக்கு. 20 போரைப் பிள்ளைகள் துப்பாக்கி என்று ஒதுக்கியது சரியில்லை. சொல்லப்போனால் சின்னப் பையனுக்கு 410-ஐக் கொடுக்கிறார்களே, அதுதான் இருப்பதிலேயே குறி வைக்கக் கடினமானது. ரவை குறைவு, கொஞ்சம் பிசகினாலும் பறவை அடிபட்டுப் பறந்துவிடும்.

வாத்துக்கு வந்தால் கதை மாறும். அங்கே 12 போர்தான் என்று நானும் சொல்வேன், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. அமெரிக்காவில் 1991-லிருந்து நாடு முழுக்க நீர்ப்பறவைக்கு ஈய ரவை போடக் கூடாது. ஸ்டீல், பிஸ்மத், டங்ஸ்டன் கலவை, இவைதான். சாதாரண ஆள் வாங்குவது ஸ்டீல், விலை குறைவு. ஸ்டீல் ஈயத்தைவிட எடை குறைந்தது. ஒரே பருமனுள்ள ஸ்டீல் ரவை ஈய ரவையின் எடையில் சுமார் 70 சதவீதம்தான் வரும். காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு நம்பர் பெரிய ரவை போடச் சொல்வார்கள். ஈயத்தில் 4 போட்ட இடத்தில் ஸ்டீலில் 2. பெரிய ரவை என்றால் அதே தோட்டாவுக்குள் குறைவான ரவைதான் அடங்கும். அப்புறம் தோட்டாவை நீளமாக்க வேண்டும், குழல் அகலமாக இருந்தால் நல்லது. இதனால்தான் வாத்துக்கு 3 அங்குலத் தோட்டா போடும் 12 போர் வழக்கமாயிற்று, இதனால்தான் 1980-களின் கடைசியில் மூன்றரை அங்குலத் தோட்டாவே வந்தது. 10 போருக்கு மேல் பெரிய குழலை வலசைப் பறவைகளுக்கு அங்கே சட்டம் அனுமதிக்காது. ஆக, குழலைத் தீர்மானித்தது துப்பாக்கியின் வீரம் அல்ல, ரவையின் உலோகம். கட்டுரையில் உலோகம் என்ற பேச்சே இல்லை!

ஏன் ஈயத்தைத் தடுத்தார்கள் என்பது நமக்குத்தான் முக்கியம். வாத்துக்குப் பல் கிடையாது. சின்னச் சின்னக் கல்லை விழுங்கி வைத்துக்கொண்டு அதை வைத்துத்தான் இரைப்பையில் தீனியை அரைக்கிறது. சேற்றில் அலகை விட்டு அளையும்போது கல்லுக்கும் ஈய ரவைக்கும் வித்தியாசம் தெரியாமல் விழுங்கிவிடும். கல் அரைபடாது, ஈயம் அரைபடும். வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தைக் கொல்லப் போதும். சிறகு தொங்கிப் போகும், எச்சம் பச்சையாகப் போகும், பறக்க முடியாமல் கோரைக்குள் ஒதுங்கிச் சாகும். சுட்டவன் கண்ணில் அது படாது. சுட்டுத் தப்பிய ரவைதான் அதிகம் என்பதால் நீரடியில் கிடப்பதும் அதிகம். டென்மார்க் 1996-லேயே ஈய ரவையை அடியோடு நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் தடுத்திருக்கிறது.

இப்போது நம் கண்மாயை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் வரும், மாசி பங்குனிக்குள் இறங்கும், சித்திரையில் வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். கரையில் நின்று யாரோ எப்போதோ சுட்ட ரவை எங்கேயும் போகாது. அடுத்த மழைக்கு அதே களிமண்ணில், முழங்கால் தண்ணீரில், ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் வந்து தலைகீழாகக் கவிழ்ந்து மேயும். கட்டுரையாளர் அங்கே சுட்டதாகச் சொல்லும் ஊசிவால் வாத்தும் நம் சக்கரக்கோட்டைக் கண்மாயில் வந்து இறங்குகிற வாத்தும் ஒரே இனம். அங்கே அதைச் சுட லைசென்ஸ், நாள் கணக்கு, ஒருவருக்கு இத்தனைதான் என்ற அளவு, எல்லாம் இருக்கின்றன. பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 25 டாலர் கொடுத்து வாத்து முத்திரை வாங்க வேண்டும். 1934-லிருந்து நடக்கிற ஏற்பாடு இது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஈரநிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. இதையும் அவர் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் கட்டுரைக்கே ஒரு கனம் வந்திருக்கும்.

நம் நாட்டில் சங்கதி வேறு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூடச் சின்ன வேட்டைக்கு லைசென்ஸ் தரும் பிரிவு ஒன்று இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். "எங்க அப்பா காலத்துல கலெக்டர் ஆபீஸ்லயே அனுமதி தருவாங்களே" என்று பேசுகிறவர்கள் அந்தக் காலத்தில்தான் இன்னும் நிற்கிறார்கள். கவுதாரி, காட்டுக் காடை, உள்ளான், வாத்து எதற்கும் இங்கே 'எந்த போர்' என்ற கேள்வியே கிடையாது. கடையில் விற்கிற பண்ணைக் காடை வேறு.

அதற்கு மேலும் ஒன்று, துப்பாக்கி வைத்திருப்பவர்களே பாதிப்பேர் அறியாதது. சரணாலயத்துக்குள்ளோ அதிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்ளோ குடியிருந்துகொண்டு ஆயுத லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வனத்துறையில் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 34-ம் பிரிவு சொல்கிறது. ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே 31-ம் பிரிவுப்படி எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கூடாது. நம் மாவட்டத்துச் சரணாலயங்களை எண்ணுங்கள்: சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, அதோடு 2025-ல் பூநாரைகளுக்காகத் தனுஷ்கோடி. வரைபடத்தில் ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள், நம் மாவட்டத்தில் வட்டத்துக்கு வெளியே எத்தனை ஊர் மிஞ்சும்? சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாம் வெடி போட்டாலும் போகிறது, சுட வழி சொல்லிக் கொடுக்காமலாவது இருக்கலாம்.

சரி, தாத்தா துப்பாக்கிக்கு வருகிறேன். கடற்கரை ஊர்களில் இருக்கும் பழைய ரெட்டைக் குழல்களை வைத்து எதையும் சுடுவதற்கு முன்னால், பயிர்க்காவலுக்கு வானத்தைப் பார்த்துச் சத்தம் எழுப்புவதாக இருந்தாலும், ஒரு ஆர்மரரிடம் காட்டுங்கள். உப்புக் காற்று பொல்லாதது. வெளியே பளபளவென்று இருக்கும். மடக்கித் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பார்த்தால் வட்ட வட்டமாக ஒளி வளையங்கள் தெரிய வேண்டும். வளையம் ஒரு இடத்தில் உடைந்தோ நசுங்கியோ தெரிந்தால் அங்கே குழல் அமுங்கியிருக்கிறது அல்லது அரித்திருக்கிறது. நான் பார்த்த பலவற்றில் தோட்டா அறைக்குச் சற்று முன்னால் அம்மைத் தழும்பு போலக் குழிக்குழியாக இருக்கும். விசைப்பூட்டைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகி, அதில் எறும்பு ஒட்டிக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான். துப்பாக்கிக்கென்று எண்ணெய் இருக்கிறது.

குழலுக்கு அடியில், முன்கட்டையைக் கழற்றினால், முத்திரைகள் தெரியும். 12 என்றும், தோட்டா அறையின் நீளமும் அதில் அடித்திருப்பார்கள். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இரண்டரை அங்குலம்தான், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் நுழைந்துவிடும், மூடியும் கொள்ளும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் அலை அலையாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் வகை, இரும்புப் பட்டிகளை முறுக்கிச் செய்தது, கரிமருந்துக் காலத்துக்கு உரியது. அதைச் சுவரில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது ஸ்டீல் தோட்டாவைப் பற்றி ஆசை காட்டினாலும், வாய் ஒடுக்கமாகச் சோக் வைத்த பழைய குழலுக்கு அது ஆகாது. ஸ்டீல் ஈயம்போல் நசுங்கிக் கொடுக்காது, குழல் வாய்தான் வீங்கும்.

இதையெல்லாம்விட ஆபத்தானது ஒன்று. இரண்டு போரும் வைத்திருக்கிற வீட்டில் 12 போர் தோட்டாவும் 20 போர் தோட்டாவும் ஒரே பையில் கலந்து கிடக்கும். அவசரத்தில் 20-ஐ எடுத்து 12 போரில் போட்டால் அது அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிக் குழல் ஒடுங்குகிற இடத்தில் சிக்கி நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டு விசையை இழுத்தால், குழல் இடது கைக்கு நேராக வெடித்துப் பிளக்கும். இதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டு கேஜும் தன் வீட்டில் இருப்பதாகப் பெருமையாக எழுதியவர் இதை ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா?

சுட்டே ஆக வேண்டும் என்று கை அரிக்கிற பையன்களுக்கு வழி இல்லாமல் இல்லை. களிமண் தட்டு சுடுதல் இருக்கிறது, டிராப், ஸ்கீட் என்பார்கள். புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டாரே, அவர் கையில் இருந்ததும் 12 போர்தான். ஆனால் அந்தப் போட்டித் தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கவனியுங்கள், அது ஏறக்குறைய 20 போர் தோட்டாவின் அளவு. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற தட்டை உடைக்க உலகத்தில் தேர்ந்த ஆட்களுக்கு 24 கிராம் போதுமாக இருக்கிறது. துபாய்ப் பையனிடம் இதைச் சொன்னதும் "அப்ப நம்ம துப்பாக்கிய எடுத்துட்டுப் போகலாமா?" என்றான். முதலில் லைசென்ஸை உன் பெயருக்கு மாற்று, அப்புறம் ரைஃபிள் கிளப்பில் சேர், அங்கே இருக்கிற துப்பாக்கியில் பழகு என்றேன். தாத்தா பெயரில் இருக்கிற துப்பாக்கியைப் பேரன் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஆயுதச் சட்டம் சும்மா விடாது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அயல்நாட்டு வேட்டைக் கட்டுரை போடுவதை நான் தடுக்கவில்லை. போடும்போது, இந்தியாவில் இது குற்றம் என்று கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே, படத்தின் அளவுக்குக் கண்ணில் படும்படி அச்சிடுங்கள். மூலையில் நட்சத்திரக் குறி போட்டு அல்ல. அடுத்த இணைப்பில் கட்டுரையாளரிடம் கேட்டுப் பதில் வாங்கிப் போடுங்கள்: அந்த வாத்துகளுக்கு அவர் போட்டது எந்த உலோக ரவை, என்ன நம்பர், எத்தனை அங்குலத் தோட்டா, எவ்வளவு தூரத்தில்? அதைச் சொல்லிவிட்டு எந்த கேஜ் நல்லது என்று அவர் எழுதட்டும். 16 போரைப் பற்றியும் அவர் கருத்தைக் கேளுங்கள். அதை ஏன் விட்டார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற ஆர்மரர்,
திருப்புல்லாணி, ராமநாதபுரம் மாவட்டம்.